அர்லீன் தப்பவிட்ட வெடிகள்

வில்பர் ஹேகன்பக் தன் முதல் துப்பாக்கியை அறுபத்தாறு வயதில் வாங்கப் போனான். எங்கள் வட பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் பன்னிரண்டு வயதிலேயே முடிந்துவிடுகிற காரியம் அது. மான் சீசன் தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே பூட்டுப் போடுகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பாட்டில் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் அச்சுகளைத் தேய்த்துத் தேய்த்து ஓய்வும் பெற்று, ஒரு நாளும் விசையைத் தொடாமல் இருந்த ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். அந்த வீட்டில் சுட்டதெல்லாம் அவன் பெண்டாட்டி அர்லீன். அவள் ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். அக்டோபரில் இவன் மெர்வினின் கடைக்குள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

முதல் சனிக்கிழமை சும்மா பார்த்துவிட்டுப் போனான். இரண்டாவது சனிக்கிழமையும் பார்த்தான். மூன்றாவது வாரமும் அதே சுவர், அதே துப்பாக்கிகள். மெர்வினுக்குப் பொறுக்கவில்லை. அவனும் வில்பர் வயதுக்காரன்தான், ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"யோவ், பொண்டாட்டியப் பாத்து முடிவு பண்ணவே உனக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான்யா ஆச்சு. ஒரு துப்பாக்கிக்கு மூணு வாரமா?"

"அதுல நான் தப்பு பண்ணா அவ திருத்திடுவா. இதுல யார் திருத்துறது?" என்றான் வில்பர்.

மெர்வின் முக்காலியை இழுத்துப் போட்டான்.

"சரி, உக்காரு. எதுக்கு வேணும்? அட்டையில குறி பாத்துச் சுடவா, மானுக்கா, இல்ல கணப்புக்கு மேல மாட்டி வச்சு விருந்தாளிங்ககிட்ட பீத்திக்கவா?"

"அவ போவாளே, அந்த சீசனுக்கு."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி மூன்று வாரம் நடக்கும் சீசன் அது. நவீனத் துப்பாக்கி எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல் உரசிச் சுடுகிற துப்பாக்கி மட்டும்தான். முழங்கால் அளவு பனியில், ஒரே ஒரு வெடியை நம்பிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அர்லீன் முப்பத்துமூன்று வருஷம் போனாள்.

"அப்படின்னா கேப்னு சின்ன வெடிமூடி வச்சு அடிக்கிறதெல்லாம் வேண்டாம், கல்லுதான்" என்று மெர்வின் சுவரிலிருந்து இரண்டை இறக்கினான். "இப்ப குழலுக்குள்ள பாரு. வரி சுத்திச் சுத்தி ஓடுதா? இதுல மெதுவா சுத்துது, உருண்டைக் குண்டுக்கு. அதுல வெடுக்குனு சுத்துது, நீளக் குண்டுக்கு. நீளக் குண்டுத் துப்பாக்கிய வாங்கிட்டு உருண்டையப் போட்டன்னா, குண்டு அது இஷ்டத்துக்குத்தான் போகும். அப்புறம் நான் ஏமாத்திட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவ."

"அவ எதைப் போடுவா?"

"உருண்டைதான். ஈய உருண்டை. அரை அங்குலக் குழல், அதைவிட ஒரு மயிரிழை சின்னக் குண்டு. சின்னதா இருந்தா ஆடுமேன்னு நினைப்ப. அதுக்குத்தான் துணி." மெர்வின் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் துணிச் சதுரம் ஒன்றை எடுத்து, ஒரு குண்டை அதில் பொதிந்து காட்டினான். "கொழுப்பு தடவின துணி. இதுதான் குழலோட வரியப் பிடிக்குது, குண்டைச் சுழட்டி விடுது. மருந்து, குண்டு, கல்லு எல்லாம் அப்புறம். துணி சரியில்லன்னா ஒண்ணுமே சரியில்ல."

"துணியிலயா இவ்வளவு இருக்கு?"

"சுட்டதும் எதுத்தாப்ல பத்தடி, பதினஞ்சடியில விழும். போய்ப் பொறுக்கிப் பாக்கணும். கிழிஞ்சிருந்தா குழல்ல கோளாறு. பொசுங்கியிருந்தா கொழுப்பு பத்தல. டாக்டர் நாக்க நீட்டச் சொல்றாரில்ல, அந்த மாதிரி. உன் பொண்டாட்டியோட துணி எப்பவும் அப்படியே முழுசா வரும்யா. தோச்சுப் போட்டா திரும்பக் கெட்டிக்கலாம், அப்படி."

வில்பர் அந்த வெள்ளைத் துணியைக் கையில் வாங்கி மடித்தான், பிரித்தான்.

"இருபத்தேழாந் தேதி போகலாம்னு இருக்கேன்" என்றான்.

"அது ராசியில்லாத நாளாச்சே! முப்பது வருஷத்துல அன்னிக்கு மட்டும் அர்லீன் ஒண்ணுகூட அடிச்சதில்ல. மத்த நாளெல்லாம் எண்பது கெஜத்துல முட்டையத் தட்டுவா. இருபத்தேழு மத்தியானம் மலைமேல ஒரே ஒரு வெடி கேக்கும். சாயங்காலம் கை வீசிட்டு வருவா."

அந்தக் கேலி ஊருக்கே தெரிந்த கேலி. டவுனில் கோதுமை ரொட்டியும் பன்றித் தொத்திறைச்சியும் தின்கிற காலைக்கடையில், இருபத்தெட்டாம் தேதி காலையில் யாராவது ஒருவன் ஆரம்பிப்பான். வில்பரே ஆரம்பித்த வருஷங்களும் உண்டு. "எங்க வீட்டு வேட்டைக்காரிக்கு நேத்து மான் வணக்கம் சொல்லிட்டுப் போயிடுச்சாம்" என்பான். மேசை முழுக்கச் சிரிக்கும். அதை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

இருபத்தேழாம் தேதி என்ன நாள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. லோயிஸ் பிறந்த நாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பெண். அர்லீன் வயிற்றில் அவள் இருந்தபோது தொட்டில் தலையணைக்குக் கோடு போட்ட மெத்தைத் துணி வாங்கி வரச் சொன்னாள். நீலக் கோடு தீர்ந்துபோயிருந்தது. வில்பர் மஞ்சள் கோடு வாங்கி வந்தான். "தொட்டிலுக்கா, சர்க்கஸ் கூடாரத்துக்கா?" என்று அர்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதிலேதான் உறை தைத்தாள். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய தலையணை, அவ்வளவுதான்.

குழந்தை ஏழு வாரம் இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் விடிந்து போய்ப் பார்த்தால் மூச்சில்லை. காய்ச்சலும் இல்லை, அழுகையும் இல்லை. ஏன் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்ததும் அர்லீனின் அக்காள் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். எட்டு நாள். அந்த எட்டு நாளில் வில்பர் ஒரு காரியம் செய்தான். நல்ல எண்ணத்தோடு செய்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யார் வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். அவள் திரும்பி வரும்போது கண்ணில் எதுவும் படக்கூடாது என்று தொட்டில், மெத்தை, தலையணை, சட்டைகள், பின்னல் தொப்பிகள் எல்லாவற்றையும் கொல்லையில் இரும்புப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினான். அரை நாள் எரிந்தது. பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தான்.

அர்லீன் வந்தாள். அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாமா?" என்றாள்.

"எல்லாம்" என்றான் வில்பர், பாரத்தைத் தான் இறக்கி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு.

அவள் கதவைச் சாத்திவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். அதற்குப் பிறகு சாகும் வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. பாத்திரத்தை வீசியிருந்தால் இன்னும் தேவலை. எதுவுமே கேட்காத பெண்பிள்ளையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? வில்பருக்குத் தெரியவில்லை. அவனும் கேட்கவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் தொடங்கும்போது அர்லீன் மெர்வின் கடைக்குப் போய், கால்மணி நேரத்தில் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தாள். அவள் இடதுகைக்காரி. கல் உரசுகிற சட்டம் இடப்பக்கம் இருக்கிற மாதிரி சொல்லிச் செய்வித்தாள். குழந்தையின் முதல் பிறந்த நாளன்று காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "நீயும் வாயேன்" என்றாள்.

வில்பர் போகவில்லை. தன் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாளாவது இருக்கத்தான் மலைக்குப் போகிறாள், மரியாதைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். "நீ போயிட்டு வா. அடுப்பப் பாத்துக்கிறேன்" என்றான். மறுவருஷம் அவள் கூப்பிடவில்லை.

அப்படியே முப்பத்துமூன்று டிசம்பர். அவள் பனியில் ஏறிப் போவதை இவன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பான். சிவப்புத் தொப்பி பழைய மரம்வெட்டிப் பாதையில் வளைந்து மறையும். மத்தியானம் ஒரு வெடி. சாயங்காலம் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவாள். இவன் அடுப்பைக் கிளறியபடி, "என்ன, தப்பிடுச்சா?" என்பான். "தப்பிடுச்சு" என்பாள். சூப்பை ஊற்றிக் கொடுப்பான். அதுதான் அவர்கள் இருவரும் அந்த நாளைக் கும்பிட்ட விதம்.

போன டிசம்பர் இருபத்தேழாம் தேதி அவள் பின்கட்டில் நின்று மருந்து கெட்டித்து முடித்து, பையை மாட்டிக்கொண்டு இரண்டாவது படியில் கால் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. வில்பர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். துப்பாக்கியை எடுத்துப் பழைய முளையில் மாட்டியதும் அவன்தான். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. இதயம் பழைய துணி மாதிரி நைந்துவிட்டது என்றார்கள். கடைசியில் ஒரு நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது சொன்னாள்: "துப்பாக்கிய மெர்வின்கிட்ட குடுத்துடு. அவன் பாத்துப்பான்."

"ஏன், நான் பாத்துக்க மாட்டேனா?"

அவள் இவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். நர்ஸ் ஊசியோடு உள்ளே வந்தாள்.

வில்பருக்கு அது உள்ளே தைத்துவிட்டது. சாகிற நேரத்தில்கூடத் தன் பொருளை இவன் கையில் ஒப்படைக்க மனசில்லை அவளுக்கு. சரி, பார்க்கலாம் என்று ஒரு வீம்பு. துப்பாக்கியை மெர்வினிடம் கொடுக்கவே இல்லை. வாரா வாரம் முளையிலிருந்து இறக்கி, கட்டைக்கும் இரும்புக்கும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தான். எண்ணெய் போட்டதெல்லாம் வெளியே.

அவளுக்கு அந்த மலையில் என்னதான் இருந்தது, அதைத் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகக் கூடாது. அதுதான் அவன் மெர்வின் கடையில் மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்து நின்றதற்குக் காரணம். மானும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"அர்லீனோடத அவ்வளவு பத்திரமா வச்சிருக்கியே, அதையே எடுத்துட்டுப் போனா என்ன?" என்று கேட்ட மெர்வினே பதிலும் சொன்னான். "முடியாது. நீ வலதுகை. சட்டம் உன் கன்னத்துப் பக்கம் வந்துடும், கல்லு உரசுற நெருப்பெல்லாம் மூஞ்சியில. இதை எடுத்துக்கோ, மெதுவரி. உன் கை நீளத்துக்குக் கட்டை சரியா இருக்கு. தோள்ல வை. கண்ண மூடு. இப்பத் திற. குறி நேரா இருக்கா?"

இருந்தது.

"அப்ப இதுதான். மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பேன், நீ கேட்டிருந்தா." குண்டு, வெள்ளைத் துணி, கொழுப்பு டப்பா, மருந்து எல்லாம் மேசைமேல் வந்தன. சட்டென்று மெர்வின் நிமிர்ந்தான். "ஆமா, அவ போன டிசம்பர்ல அத இறக்கி வச்சாளா?"

"எத?"

"கெட்டிச்ச மருந்த. சீசன்ல நாங்கல்லாம் அப்படியே மாட்டிடுவோம். கல்லு உரசுற இடத்துல இருக்கே, அந்தக் கிண்ணியில மருந்து இல்லன்னா சட்டப்படி அது வெறும் துப்பாக்கிதான். வீட்டுக்குப் போயி, குழலுக்கு அடியில செருகியிருக்கற கோலைக் குழலுக்குள்ள விட்டுப் பாரு. அடிவரைக்கும் போகணும். கோல்ல அவ ஒரு வெட்டு போட்டிருப்பா, அதுவரைக்கும்."

வீட்டில் கோல் அடிவரை போகவில்லை. வெட்டு குழல்வாயிலிருந்து மூன்று விரற்கடை மேலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஞாயிறு. கோயில் விட்டதும் இருவரும் ஆற்றோர மணல்குழிக்குப் போனார்கள். மெர்வின் ஒரு திருகாணியைக் கொண்டுவந்திருந்தான். கோல் நுனியில் அதை மாட்டி, ஈயத்தில் திருகி, குண்டையும் துணியையும் மேலே இழுத்துவிடலாம்.

"பத்து நிமிஷ வேலை" என்றான். "பத்து மாசம் ஆச்சு. மருந்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா கொழுப்பு காஞ்சு போயிருக்கும். இழுத்துடறதுதான் முறை."

வில்பர் துப்பாக்கியை மார்போடு பிடித்துக்கொண்டான்.

"அவ கடைசியா கையால செஞ்ச வேலை இது. அத ஆணி போட்டுக் குடைஞ்சு எடுக்கறதா?"

"யோவ், குண்டுய்யா அது. அவளுக்கு வலிக்காது."

"எப்படிப் போகணும்னு அவ கெட்டிச்சாளோ அப்படியே போகட்டும். நான் சுடறேன்."

"மூஞ்சி பொசுங்கும்."

"பொசுங்கட்டும்."

மெர்வின் முணுமுணுத்தான், திட்டினான், கடைசியில் தன் கண்ணாடியைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டான். கிண்ணியில் மருந்து வைத்துக் கொடுத்தான். அந்த ஒரு சமயத்தில் மெர்வின் கொஞ்சம் பிடிவாதமாக நின்றிருக்கலாம். ஆனால் பெண்டாட்டி செத்தவனிடம் எவ்வளவு நேரம் வாதாடுவது?

வில்பர் எதிர்க்கரை மணலை நோக்கி விசையை இழுத்தான். கன்னத்தருகே ஒரு சீறல், பிறகு தோளில் இடி. வெள்ளைப் புகை அவனை மூடிக்கொண்டது. கந்தக வாசனை. அர்லீனின் கோட்டில் முப்பத்துமூன்று வருஷமாக அவன் முகர்ந்த வாசனை. புகைக்குள்ளே நின்றுகொண்டு அவன் சிரித்தான். அவள் போனபிறகு முதல் சிரிப்பு. அவள் ஆரம்பித்த ஒன்றைத் தான் முடித்துவைத்த நிறைவு அவன் முகத்தில் தெரிந்தது.

மெர்வின் பழக்கதோஷத்தில் மணலில் நடந்து துணியைத் தேடினான். நாலைந்து அடியில் அது கிடந்தது. புகைந்துகொண்டிருந்தது.

"சொன்னேன்ல? கொழுப்பு காஞ்சுபோச்சு. நெருப்புப் பிடிச்சிடுச்சு" என்று குனிந்து எடுத்தவன், கை சுட்டு மறுகைக்கு மாற்றினான். "இது நான் வித்த துணி இல்லையே. அவ எங்கிட்ட வெள்ளைதானே வாங்குவா? இது என்னமோ மெத்தைத் துணி மாதிரி... மஞ்சக் கோடு போட்டு."

வில்பர் வந்து வாங்கினான். நடுவில் ஓட்டை, சுற்றிலும் கரி, ஓரத்தில் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்த கனல். அதை வெறும் விரலால் கசக்கி அணைத்தான். மிச்சமிருந்தது ஒரு மூலை. கட்டைவிரல் நகம் அளவு. அதில் இரண்டு மஞ்சள் கோடு.

"வில்பர்? என்னய்யா? கண்ணுல பட்டுடுச்சா?"

"வீட்டுக்குப் போகலாம்" என்றான் வில்பர்.

அவளுடைய வேட்டைப் பையை அவன் அதுவரை திறந்ததில்லை. மேல் பையில் குண்டுகள், ஒரு கல், மெர்வினின் வெள்ளைத் துணிகள். உள்பையில் இருமல் மிட்டாய் டப்பா ஒன்று. திறந்தான். தலையணை உறையின் ஓரத் தையல் மட்டும் சுருட்டி வைத்திருந்தது, வெட்டுவதற்கு இனி எதுவும் இல்லாத நூலும் விளிம்பும். உறையை அவள் அக்காள் வீட்டுக்குப் போனபோதே கழற்றி எடுத்துப் போயிருக்கிறாள். இவன் பீப்பாயில் போட்டது உறையில்லாத தலையணை. எரிக்கிற அவசரத்தில் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு சதுரம். பிறந்த நாளுக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் வெள்ளைத் துணி, அன்றைக்கு மட்டும் இது. முப்பத்துமூன்று தடவை மலைமேல் போய், சுட்டு, விழுந்த துணியைப் பொறுக்கி, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் துணி முழுசாக வரும் என்று மெர்வின் சொன்னானே. அதற்கப்புறம் அவற்றை என்ன செய்தாளோ, புதைத்தாளோ, காற்றில் விட்டாளோ, அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. முப்பத்துநாலாவதுதான் கடைசி. அதைத்தான் மெர்வின் கையில் கொடுக்கச் சொன்னாள். அவன் முறைப்படி திருகி இழுத்திருப்பான். முழுசாக வந்திருக்கும்.

மேசைக்கு எதிரே மெர்வின் உட்கார்ந்திருந்தான். வில்பர் எல்லாவற்றையும் சொன்னான், பீப்பாயைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி. முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னான்.

"உங்கிட்ட ஏன்யா மறைச்சா?" என்றான் மெர்வின். கேட்ட பிறகு கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது.

"நான் எரிச்சிடுவேன்னுதான்." வில்பர் அந்த மூலையை டப்பாவுக்குள் வைத்தான். "சரியாத்தான் நினைச்சிருக்கா. அப்பவும் நான்தான் எரிச்சேன். மிச்சம் வச்சிருந்ததையும் நான்தான் எரிச்சேன்."

போகும்போது மெர்வின் வில்பரின் தோளில் கை வைத்தான். வைத்தது போதவில்லை என்று கட்டிக்கொண்டான். இரண்டு கிழவர்களும் அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு அழுதார்கள். அதை எழுதாமல் விட எனக்கு விருப்பமில்லை.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி காலை வில்பர் தன் துப்பாக்கியைப் பின்கட்டில் வைத்துக் கெட்டித்தான். அளந்து மருந்து, வெள்ளைத் துணி, உருண்டை, கோல். மெர்வின் சொன்னபடியே, ஒன்றும் குறையாமல். இருமல் மிட்டாய் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மரம்வெட்டிப் பாதையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினான். ஜன்னலிலிருந்து பார்க்கும்போது அவள் மறைகிற அந்த வளைவுக்கு அப்பால் அவன் போனதே இல்லை. அப்பால் ரொம்ப தூரம்கூட இல்லை. இருநூறு அடி நடந்தால் ஒரு சின்னத் திட்டு. உட்கார ஒரு விழுந்த மரம், எதிரே பட்டுப்போன ஒரு பீச் மரத்தின் ஆளுயர அடிக்கட்டை. அங்கிருந்து கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு தெரியவில்லை, ஆறு தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. சமையலறை ஜன்னலும் தெரிந்தது.

தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அவள் இங்கே வருகிறாள் என்று முப்பத்துமூன்று வருஷம் நினைத்திருந்தான்.

அடிக்கட்டையின் அருகே போனான். மார்பு உயரத்தில், ஒரு உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில், மரம் ஈயத்தால் நிறைந்து கிடந்தது. குண்டின் மேல் குண்டு. பழையதெல்லாம் வெளுத்துப்போய், புதியது இன்னும் கருப்பாக. ஒன்றுகூட விலகவில்லை. ஒரு வருஷம்கூட அவள் தப்பவிடவில்லை.

வில்பர் விழுந்த மரத்தில் உட்கார்ந்தான். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். ஒரு பெண்மான் வந்தது, இவனைப் பார்த்தது, போய்விட்டது. பிறகு எழுந்து, கிண்ணியில் மருந்து வைத்து, அந்த உள்ளங்கை இடத்தைக் குறி பார்த்தான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு குறி இரண்டாகத் தெரிந்தது. துடைத்தான், மறுபடி கட்டிக்கொண்டது. அப்படியே விசையை இழுத்தான். புகை விலகியதும் போய்ப் பார்த்தான். அடிக்கட்டையில் புதிதாக எதுவும் இல்லை. குண்டு எங்கே போனதோ.

துணியைத் தேடினான். பனியில் கிடந்தது, வெள்ளையாக, ஒரு பொசுங்கலும் இல்லாமல், முழுசாக. அதை மடித்து டப்பாவில் அந்த மூலையோடு சேர்த்து வைத்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்த பிறகும் எழுந்திருக்கவில்லை. யாரோ கேட்கக் காத்திருக்கிறோம் என்பது அவனுக்கே பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. காலையில் போட்ட விறகு அவிந்து அடுப்பு ஆறிப்போயிருந்தது.

"தப்பிடுச்சு, அர்லீன்" என்றான்.